பவுடர் துடைக்கும் அப்ரோஸ் பாய்

ஈரத் துணியை நான்காக மடித்துக்கொண்டு, சிவக்குமாரின் நெற்றியில் தொடங்கித் தாடைவரை ஒரே இழுப்பாக இழுக்கிறார் அப்ரோஸ். பவுடர் துணியோடு வந்துவிடுகிறது. பம்பை வாசிக்கும் சிவக்குமார் சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து, இறங்கிய இடத்திலேயே யாருடைய மோட்டார் சைக்கிள் கண்ணாடியிலோ பார்த்துப் பூசிக்கொண்ட பவுடர் அது.

"பாய், கொஞ்சமாச்சும் உட்டு வை பாய். போட்டோல டல்லா தெரிவேன்."

"மூஞ்சில மாவு ஒட்டிக்கினு இருந்தா பம்பைக்காரன்னு எவன்டா நம்புவான்? பரோட்டா மாஸ்டருன்னு நெனைச்சிக்குவான்."

காதின் பின்புறம், கழுத்து மடிப்பு, மூக்கின் இரண்டு பக்கம் என்று கைக்குழந்தையைத் துடைப்பதுபோல் துடைத்து முடிக்கிறார். பிறகு சுவரோரம் போய் மின்விசிறியை நிறுத்துகிறார். ஜன்னலைச் சாத்துகிறார். "இப்ப அடி" என்கிறார்.

சிவக்குமார் அடிக்கிறார். கேமரா மேசைமேல் கிடக்கிறது. அப்ரோஸ் அதைத் தொடுவதில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பால் பொங்குமா என்று அடுப்பைப் பார்ப்பவர்போல் சிவக்குமாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். காதோரத்தில் முதல் வியர்வைத் துளி இறங்கிய பிறகுதான் கை கேமராவுக்குப் போகும். "வேர்வை வராம எடுத்தா அது ஆதார் கார்டு போட்டோ" என்பது அவர் கட்சி.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் போகும் தெருவில் இருக்கிறது அவருடைய மூன்லைட் ஸ்டுடியோ. மற்ற ஸ்டுடியோக்களில் பவுடர் டப்பா இருக்கும், சீப்பு இருக்கும், ஏ.சி.கூட இருக்கும். இங்கே ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டும் ஈரத் துணியும்தான். அப்ரோஸுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. இடது காலில் பெருவிரலுக்குக் கீழே ஆறாத புண். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் தினமும் காலையில் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருகிறேன். அவர் ஸ்டூலில், நான் கீழே மணையில். அங்கிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

ஸ்டுடியோவின் முன்பக்கம் முழுக்க ஒரே கண்ணாடி. அதற்குப் பின்னால் கல்யாணப் பெண்ணும் மொட்டையடித்த குழந்தையும் இருக்க வேண்டும். அதுதான் தொழில் வழக்கம். இங்கே இருப்பவர்கள் பம்பைக்காரர்கள், பாண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர்கள், சாவு வீட்டில் கானா பாடி இப்போது கச்சேரிக்கும் போகத் தொடங்கியிருக்கும் அசோக், சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் ஜான். எல்லாரும் இப்போதுதான் தலையெடுக்கிறவர்கள். பெயர் வாங்கிவிட்டவர்களை அப்ரோஸ் எடுப்பதில்லை. "அவங்களுக்கு பேனரு கீது" என்பார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் கண்ணாடிக்குள் ஏறி, நடுவில் இருக்கும் பெரிய படத்தை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் புதிய படத்தை மாட்டுவார். கீழே தடித்த பேனாவில் பெயர், ஊர், வாத்தியம், போன் நம்பர். எழுத்து மட்டும் டாக்டர் எழுத்துப்போல் இருக்கும். அதனால் போன் நம்பரை அவர் மனைவி அலிமா எழுதுகிறார்.

செல்போனில் போட்டுவிட்டால் உலகமே பார்க்குமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"செல்லுல போட்டா அமெரிக்காக்காரன் பார்ப்பான் சிஸ்டர். மாகறல் திருவிழாவுக்கு மேளம் சொல்றவன் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இந்தக் கண்ணாடியத்தான் பார்ப்பான்."

அது உண்மைதான். பஸ் தாமதமாகும் நாட்களில் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நல்ல கூட்டம்.

இத்தனை வாத்தியக்காரர்களைப் படம் பிடிக்கிறவர் சங்கீதத்தில் ஊறியவராக இருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அப்ரோஸுக்குத் தாளமும் தெரியாது, ராகமும் தெரியாது. கச்சேரியில் படம் எடுக்கும்போது இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்கிறார். "பாட்டு காதுல வுழுந்தா கண்ணு வேலை செய்யாது" என்று காரணம் சொல்கிறார். பஞ்சு என்னுடைய டிரெஸ்ஸிங் பெட்டியிலிருந்து போகிறது. யார் நன்றாக வாசிக்கிறார்கள் என்று பஞ்சடைத்த காதோடு எப்படித் தெரியும் என்று கேட்டால் கழுத்தைத் தொட்டுக் காட்டுகிறார். "இந்த நரம்பு சொல்லும் சிஸ்டர்." அது நரம்பு இல்லை, ரத்தக் குழாய் என்று திருத்தினேன். "உங்க ஆஸ்பத்திரியில அது கொழா. இங்க அது நரம்பு" என்றார்.

கீபோர்டு வாசிக்கும் ஜானுக்குத்தான் பெரிய சோதனை வந்தது. விசிறியை நிறுத்தினாலும் ஜன்னலைச் சாத்தினாலும் ஜானுக்கு வியர்க்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் விரல் மட்டும் ஆடினால் எங்கே வியர்க்கும்? அப்ரோஸ் யோசித்தார். கீபோர்டைத் தலையில் வைத்துப் பஸ் நிலையம்வரை போய்த் திரும்பச் சொன்னார். ஜான் போய்வந்தார். படம் பிரமாதம். சர்ச்சில் அதைப் பார்த்தவர்கள், ஜான் ஜெபத்தில் உருகி வாசிப்பதாகச் சொன்னார்களாம்.

கண்ணாடியில் கல்யாணப் பெண் இல்லாத ஸ்டுடியோவுக்குக் கல்யாண ஆர்டர் வராது. அலிமா இரண்டொரு முறை ஒரு மணப்பெண் படத்தைக் கொண்டுவந்து நடுவில் மாட்டினார். மறுநாள் அது பக்கெட்டுக்கு மேலே இருந்தது.

"எங்க நிக்காஹ் போட்டோவப் பாருங்க சிஸ்டர்" என்று அலிமா என்னிடம் காட்டியிருக்கிறார். படத்தில் எல்லாரும் நேராகப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை அப்ரோஸ் மட்டும் ஓரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "பாண்டு செட்டுல டிரம்பெட்காரனைப் பார்த்துக்கினு இருந்தாராம். நான் பக்கத்துல உக்காந்துக்கினு இருக்கேன்!"

கட்டடம் அண்ணன் அத்தாவுல்லாவுடையது. பக்கத்துக் கடையில் பெயிண்டும் ஆணியும் விற்கிறார். கடை வளர்ந்துவிட்டது, இடம் போதவில்லை. அவர் தம்பியின் கடைக்குள் நுழைந்தால் முதல் வேலையாக விசிறியைப் போடுவார். "மனுசன் நிக்கிற எடமா இது? செங்கல் சூளையா?" அவர் வெளியே போனதும் அப்ரோஸ் நிறுத்துவார். நான் பார்த்தவரை இது ஒரு நாளும் தவறியதில்லை.

இந்த வைகாசியில் அண்ணன் பேச்சை நீட்டவில்லை.

"ஒரு கல்யாணமாச்சும் உருப்படியா எடுத்துக் காட்டு. இல்லன்னா இந்தக் கண்ணாடியக் கழட்டிட்டு ஷட்டரு போட்டு பெயிண்டு டப்பா அடுக்கிடுவேன். பின்னாடி ரூமு தரேன். பாஸ்போர்ட்டு சைஸ் எடுத்துக்கினு கெட."

அண்ணன் போன பிறகு அப்ரோஸ் காலை என் மடியில் வைத்தபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னாடி ரூமு நல்ல ரூமுதான். ஆனா இந்தப் பசங்க நம்பரை நான் எங்க ஒட்றது சிஸ்டர்? கரண்டு கம்பத்துலயா?"

அந்தச் சமயத்தில் வேதாசலம் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். நெசவுக் குடும்பம். இப்போது காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருக்கிறார். அப்ரோஸோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மகள் சாந்தினிக்குக் கல்யாணம். படம் எடுக்க அப்ரோஸை வைக்க வேண்டாம் என்று மனைவி கோமளவல்லி உட்பட வீட்டில் எல்லாரும் சொன்னதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, "நான் ஒருத்தன்தான் உன்னை வெச்சிக்கறேன்" என்றார். "வேற எதை வேணா உட்டுடு. தாலி கட்றத மட்டும் உட்டுடாதடா."

"தாலிய எவன்டா உடுவான்?" என்றார் அப்ரோஸ்.

அத்தாவுல்லா அதையே கெடுவாக்கினார். "வேதாசலம் வாயால நல்லாகீதுன்னு சொல்லட்டும், கண்ணாடி இருக்கும். இல்லன்னா மறுநாளே ஷட்டருக்காரன் வருவான்."

இதற்கு நடுவில் சுபாஷ்ரீ வந்து சேர்ந்தாள். மாகறல் பெண், தவில் வாசிக்கிறாள். அப்பா கோபால் நாகஸ்வரம். அவர் மேளத்தில் அவளுக்கு இது முதல் முகூர்த்தக் காலம். வெள்ளிக்கிழமைப் படத்துக்காக அப்ரோஸ் அவளை வரச் சொல்லியிருந்தார். பவுடர் துடைத்து, விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தினார். அவள் வாசித்தாள். வாசித்துக்கொண்டே இருந்தாள். அப்ரோஸின் சட்டை நனைந்தது. கட்டு போட்டுக்கொண்டிருந்த எனக்கு முதுகில் வியர்வை ஓடியது. அவள் நெற்றி மட்டும் துடைத்து வைத்த சில்வர் தட்டுப்போல் இருந்தது.

"இன்னாம்மா, வேர்வையே வரலியே உனக்கு?"

"இது இன்னா பாய், சும்மா தட்றது. கெட்டிமேளம் அடிச்சா வரும்."

"அப்ப அத்த அடி."

"தாலி இல்லாம கெட்டிமேளமா? அடிக்க மாட்டேன் பாய். எங்க வூட்ல அந்தப் பழக்கம் கெடையாது. எங்கப்பா தோல உரிச்சிடும்."

அவர் கெஞ்சினார். அவள் விரல் கூடுகளைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அந்த வெள்ளிக்கிழமை கண்ணாடியின் நடு இடம் காலி. பஸ்ஸுக்கு நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "பாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

வேதாசலம் வீட்டுக் கல்யாணத்தில் மேளம் கோபாலுடையது. சுபாஷ்ரீயும் வருவாள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இதைக் கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். நான் அவரிடம், கால் புண்ணோடு நிற்காதே, ஸ்டூல் போட்டுக்கொள் என்றுதான் சொன்னேன். அவர் ஸ்டூல் போடவில்லை. மேடையில் மணமக்களுக்கு நேர் எதிரே, எல்லாருக்கும் முன்னால், அகலமாகக் காலை ஊன்றி நின்றார். பழுப்புக் கட்டம் போட்ட சட்டை, காதில் பஞ்சு. அதைவிட நல்ல இடம் அந்த மண்டபத்தில் இல்லை. அவருக்குப் பின்னால் வீடியோக்காரர். அவருக்குப் பின்னால் செல்போனைத் தூக்கிப் பிடித்த சொந்தக்காரர்கள்.

மாலை மாற்றியதை எடுத்தார். மாப்பிள்ளை பாண்டியன் கையில் தாலியைக் கொடுத்ததை எடுத்தார். வேதாசலம் மேளக்காரர்கள் பக்கம் போய், வேறு யாரையும் விடாமல் தானே ஆட்காட்டி விரலைத் தூக்கி ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார். பாண்டியன் குனிந்தார். அப்ரோஸ் திரும்பினார்.

மேளத்தின் பக்கம் திரும்பினார். சாந்தினிக்குத் தாலி கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் ஆள் சுபாஷ்ரீயைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பாய்! இந்தப் பக்கம் பாய்!" என்று மண்டபமே கத்தியது. காதில் பஞ்சு. கோமளவல்லி கையிலிருந்த அட்சதை முழுவதையும் அவர் பிடரியில் வீசினார். மணமக்களுக்குப் போட்டது தவறி விழுந்துவிட்டது என்று நினைத்து, திரும்பாமலேயே தட்டிவிட்டுக்கொண்டார். மூன்றாவது முடிச்சு விழுந்து சுபாஷ்ரீ கையை நிறுத்திய பிறகுதான் நிதானமாக மேடைப் பக்கம் வந்தார். அப்போது அவர் முகத்தில் ஒரு புன்னகை இருந்தது. அது மறைய அதிக நேரம் ஆகவில்லை.

வீடியோவிலாவது இருக்கும் என்று ஓடினார்கள். தாலி கட்டும் நேரம் பூராவும் திரையை நிறைத்திருந்தது பழுப்புக் கட்டம் போட்ட சட்டையின் முதுகு. செல்போன்களிலும் அதே முதுகுதான், வேறு வேறு கோணங்களில்.

பந்தி முடிந்து பிற்பகலில் வேதாசலம் ஸ்டுடியோவுக்கு வந்தார். கூடவே கோமளவல்லி, மாலை வாடாத மணமக்கள். அத்தாவுல்லா விசிறியைப் போட்டுவிட்டுக் கதவோரம் கைகட்டி நின்றார். காலையெல்லாம் நின்றதில் அப்ரோஸின் கால் வீங்கியிருந்தது. அதைக் கேமராப் பையின்மேல் தூக்கி வைத்துவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

கம்ப்யூட்டரில் படங்கள் ஓடின. எல்லாம் நல்ல படங்கள். தாலி எடுத்துக் கொடுப்பது வந்தது. அடுத்தது சுபாஷ்ரீ. அதற்கடுத்தது சுபாஷ்ரீ. பிறகும் சுபாஷ்ரீ. அப்புறம் கழுத்தில் தாலியோடு சாந்தினி.

"கட்டின தாலி கீது. கட்ற தாலி எங்கடா?" என்றார் வேதாசலம்.

"ஒரு செகண்டுன்னுதான் நெனைச்சேன். கெட்டிமேளம் அடிக்கிறப்பதான் அந்தப் பொண்ணு மூஞ்சி தெரியும். வேற எப்பவும் அடிக்க மாட்டேங்குது. ஒரு செகண்டு திரும்பிட்டு வந்துடலாம்னு..."

"எம் பொண்ணு மூஞ்சி உனக்குத் தெரியவேணாமாடா?"

பாண்டியன் நல்ல பையன். "மாமா, நான் வேணா இன்னொரு வாட்டி கட்ற மாதிரி கைய வெச்சிக்கறேன். பாய் எடுத்துக்கட்டும்" என்றார்.

"சிவ சிவா! இன்னா பேச்சு மாப்ள இது? வெளையாட்டா?" என்று கோமளவல்லி பதறி, மகள் கழுத்துத் தாலியை முந்தானையால் மூடினார்.

கதவோரத்திலிருந்து அத்தாவுல்லா, "கேக்கவே வேணாம்" என்று செல்போனை எடுத்தார்.

"கொஞ்சம் பின்னாடி போங்க பாய்" என்றாள் சாந்தினி. "அந்தத் தவில் படம். இன்னும் ஒண்ணு பின்னாடி. அங்க நிறுத்துங்க."

சுபாஷ்ரீயின் கை தெரியவில்லை, அத்தனை வேகம். நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்ட இருந்தது. சாந்தினி அவளைப் பார்க்கவில்லை. படத்தில் சுபாஷ்ரீக்குப் பின்னால், தூக்கிய ஆட்காட்டி விரலோடு வேதாசலம் நின்றிருந்தார். வாய் கெட்டிமேளம் என்கிறது. முகம், ஊசி போட்ட குழந்தையின் முகம். கன்னம் இரண்டும் நனைந்திருந்தன.

"அப்பா, நீ அழுதியா?"

"பொகை. ஓமப் பொகை."

"நான் தலைய குனிஞ்சிக்கினு இருந்தேன். எனக்குத் தெரியவே இல்ல" என்றாள் சாந்தினி. பிறகு அப்ரோஸைப் பார்த்து, "ஆல்பத்துல தாலி கட்ற எடத்துல இதைப் போட்டுடுங்க பாய்."

"போடாத!" வேதாசலம் எழுந்துவிட்டார். "அழிடா அத்த. டேய், அழிச்சிடு. இவன் அத்த கண்ணாடியில வேற மாட்டிடுவான். பஸ்ஸுக்கு நிக்கிறவன் எல்லாம் பார்க்கணுமா நான் அழுவறத?"

தாலிப் படம் இல்லையென்று வந்தவர், இருக்கிற படத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, 'நல்லாகீது' என்ற வார்த்தையைச் சொல்லாமல் செருப்பை மாற்றிப் போட்டபடி இறங்கிப் போனார். கோமளவல்லி பின்னால் ஓடினார். அத்தாவுல்லாவுக்கு அது போதும். "ஷட்டருக்காரரா? காலையில வந்து அளவெடுத்துடுங்க" என்று செல்போனில் சொல்லிவிட்டார். அப்ரோஸ் சட்டைப் பையிலிருந்த பஞ்சை எடுத்து மறுபடியும் காதில் அடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் டிரெஸ்ஸிங் பெட்டியோடு போனபோது, ஷட்டர்காரர் வெளியே டேப்பை நீட்டிக் கண்ணாடியை அளந்துகொண்டிருந்தார். படியில் பெயிண்ட் டப்பாக்கள் வந்து இறங்கியிருந்தன. வெள்ளிக்கிழமைதான், ஆனால் தொழுகை நேரம் வரவில்லை. அதற்குள் கண்ணாடியின் நடு இடத்தில் சுபாஷ்ரீ மாட்டப்பட்டிருந்தாள். பெயர், ஊர், தவில், அலிமாவின் கையெழுத்தில் போன் நம்பர்.

"கண்ணாடி இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் அப்ரோஸ்.

வேதாசலத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டிருந்தார். முகம் இல்லை, சட்டை இல்லை. படத்தின் ஓரத்தில், மோதிரம் போட்ட ஆட்காட்டி விரல் மட்டும் தூக்கியபடி நின்றது.

அண்ணன் உள்ளே வந்து வழக்கம்போல் விசிறியைப் போட்டார். டப்பாக்களை எங்கே அடுக்குவது என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பழைய கட்டைப் பிரித்துப் புண்ணைக் கழுவி, புதிய துணியைப் பாதி சுற்றியிருந்தேன். அப்போது வெளியே வேதாசலம் வந்து நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் சாயம் ஏறிய மீசை. கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். உள்ளே வந்தார்.

"என் வெரல் ஏன்டா அங்க கீது?"

"அந்த வெரல் இல்லன்னா, அவ எதுக்கு அந்த அடி அடிக்கிறான்னு எவனுக்குத் தெரியும்?"

வேதாசலம் விளக்குகளுக்கு நடுவில் வாத்தியக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

"சாந்தினி ஒத்த கால்ல நிக்கிறா, ஆல்பத்துல தாலி கட்ற பக்கத்துல நான்தான் இருக்கணுமாம். இருந்துட்டுப் போறேன். ஆனா அழுமூஞ்சி வேணாம். கம்பீரமா ஒண்ணு எடு, அதைப் போடலாம்" என்று நிமிர்ந்தார்.

வெளிச்சம் பட்டதும் தெரிந்தது. முகம் முழுக்கப் பவுடர்.

அப்ரோஸ் எழுந்துவிட்டார். கட்டின் நுனி தரையில் இழுபட, பக்கெட்டில் துணியை நனைத்துப் பிழிந்து நான்காக மடித்தார். "டேய், டேய், வேணாம்டா" என்று வேதாசலம் பின்வாங்குவதற்குள் துணி நெற்றியில் இறங்கிவிட்டது.

அத்தாவுல்லா தம்பியையும் பார்த்தார், ஸ்டூலில் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த வேதாசலத்தையும் பார்த்தார். பிறகு சுவரோரம் போய், விசிறியை நிறுத்தினார்.